அரம் பிடிக்க ஆள் வேண்டும்

ஒரு மாங்காய்ப் பூட்டைக் கையிலேந்தி அதன் கனத்தை உணர்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்தவர், உள்ளே அடுக்கப்பட்டுள்ள லீவர் தகடுகளை ஒரு தொழிலாளி அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த ஒரு சாவிக்கு மட்டுமே இசையும்படி அமைத்திருக்கிறார் என்பதை அறிவாராயின், திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வருவதன் காரணத்தை வேறெவரிடமும் கேட்கவேண்டியதில்லை. 2019இல் இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, தொழிலுக்கு வரவில்லை. இயந்திரத்தில் செய்த அலிகார்ப் பூட்டுகள் மலிவாக வந்து குவிய, பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, இன்று அரம் பிடிப்போரில் பெரும்பாலோர் முதியோராகவே இருக்கின்றனர்.

இதே மாவட்டத்தில்தான் பட்டம் பெற்ற வாலிபர்கள் உத்தியோகம் தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகின்றனர். உடல் வருந்தி உழைக்க இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மனமில்லை என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றை நாம் முற்றாக மறுக்கிறோம். பூட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக் குடும்பம் நடத்தும் தந்தை, தேர்ச்சி பெறப் பல்லாண்டு பிடிக்கும் அவ்வித்தையை மகனுக்குக் கற்பிக்கத் தயங்குவதும், மகன் அந்த வருமானத்தைக் கண்ணாரக் கண்டு விலகுவதும் சோம்பலன்று, விவேகமே.

வேலை கிடைத்தால் போதும், அது எத்தகையதாயினும் சரி என்று இருந்துவிடவும் இவ்வூரால் இயலாது. தோல் பதனிடும் ஆலைகள் பலருக்கு ஜீவனோபாயம் அளித்தன. அவற்றின் கழிவுநீரோ சுற்றுப்புறக் கிணறுகளைக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் உதவாதபடி உப்பாக்கிற்று. நிலைத்த அபிவிருத்தி என்னும் சொல்லை ஐக்கிய நாடுகளின் ஆணையம் 1987இல் உலகறியச் செய்வதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, பிற்காலத்தில் மதுரைச் சீமையின் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, இயற்கையை அழிக்காமல் நிலைத்து நிற்கும் சாசுவதப் பொருளாதாரம் பற்றி நூலே எழுதினார். பழுதானால் எறியாமல் பிரித்துச் சீர்செய்து மீண்டும் பல ஆண்டுகள் புழங்கத்தக்க ஒரு பொருளை, கைத்திறனையே முதலாகக் கொண்டு செய்யும் தொழில் அவர் காட்டிய வழிக்கு மிக அண்மையானது அல்லவா?

ஆகவே, பயிலும் காலத்தில் வாலிபர் வீட்டுக்குச் சுமையாகாதபடி மாத உதவித்தொகையும், கற்பிக்கும் முதிய தொழிலாளிக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் கௌரவமும் சர்க்கார் வழங்க வேண்டும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் கணினிப் பயிற்சிக்குள்ள இடம் பட்டறைப் பயிற்சிக்கும் வேண்டும். சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய கிராமியக் கல்வி நிலையமான காந்திகிராமம் அருகிலேயே இருக்கையில், பயிற்சியை நடத்தத் தகுதியான இடம் எங்கே என்று தேடி அலைய வேண்டியதுமில்லை. ஆனால் விற்பனையின்றிப் பயிற்சி மட்டும் அளிப்பது வாலிபரை மறுமுறை ஏமாற்றுவதாகும். அறநிலையத்துறைக் கோயில்களின் கதவுகளுக்கும் உண்டியல்களுக்கும், அரசுக் கிடங்குகளுக்கும், பள்ளிகளுக்கும் திண்டுக்கல் பூட்டையே நியாய விலையில் வாங்குவதென்ற உத்தரவு முதலில் பிறக்கட்டும். வரும் கல்வியாண்டிலேயே, இருபது பேருடனாயினும், முதல் வகுப்புத் தொடங்கட்டும்.