கேட்காமல் விடுவது காப்பாகாது

அருங்காட்சியகத்துக்கு வருவோரிடம் சாதி, சமயம், சாவு, தீட்டு முதலியவற்றைப் பற்றிக் கேட்டு ஆராய்வது தகாது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. கேள்வி பிணக்கை மூட்டும், மக்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள், அவர்கள் பொழுதுபோக்கவே வருகிறார்கள், எதைக் காட்டுவது என்பதை அறிஞர் முடிவு செய்தால் போதும் என நான்கு காரணங்கள் அதற்குச் சொல்லப்படுகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரின் வரலாற்றை முன்னிறுத்திப் பார்த்தால் இந்த நான்கும் நிலைக்கவில்லை.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவி பூஷே ஆவூரில் ஒரு தேவாலயத்தை நிறுவினார். இன்றுள்ள ஆலயம் 1747இல் எழுந்தது. வீரமாமுனிவரும் இங்குப் பணியாற்றினார். ஆனால் 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் இராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த, ஆவூரும் உட்பட்ட மதுரை மிஷன், உயர்சாதியினரிடம் செல்லும் பிராமண சந்நியாசிகளையும், 1640 முதல் ஏனைய சாதியினரோடும் பழகத்தக்க பண்டாரசாமிகளையும் தனித்தனியே வைத்திருந்தது. ஆகவே, 1910 முதல் இயங்கும் புதுக்கோட்டைத் திருக்கோகர்ண அரசு அருங்காட்சியகத்தில் ஆவூரைப் பற்றிய காட்சி ஒன்று அமையுமானால், அது இந்தப் பிரிவினையைச் சொல்லாமல் முழுமை பெறாது.

முதலாவதாக, கேள்வி பிணக்கை மூட்டும் என்பது காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறது. இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கான குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளிப்பட்டது; அதைத் தொடர்ந்த விசாரணையில் அருகிலுள்ள இறையூரின் இரட்டைக் குவளை வழக்கமும் தெரியவந்தது. எந்த ஆய்வாளரும் கேட்டு அப்பகை பிறக்கவில்லை. கேட்கும் முறைதான் கவனிக்கத்தக்கது. "நீங்கள் என்ன சாதி?" என்பது வருவோரை அம்பலப்படுத்தும் கேள்வி, "இந்தக் காட்சியில் சொல்லாமல் விடப்பட்டதாக எதை நினைக்கிறீர்கள்?" என்பதோ சொல்லும் அளவை அவரிடமே விட்டுவிடும் கேள்வி. பெயர் குறிக்காமை, ஊர்க்காரர் காதில் விழாத தனியிடம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் உரிமை ஆகியவை உடனிருந்தால், அந்த உரையாடல் பேசுவோருக்குப் பாதுகாப்பானதாக அமையும்.

இரண்டாவதாக, மக்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பிறர் மெச்சும் விடையையே தரும் இயல்பை ஆய்வாளர்கள் சமூக ஏற்புச் சாய்வு என்பர். எனினும் அந்த நழுவலே ஒரு சான்று. அடிமை வணிக ஒழிப்புச் சட்டத்தின் இருநூறாம் ஆண்டான 2007இல் இங்கிலாந்து அருங்காட்சியகங்களுக்கு வந்தோரிடம் பேசிய லாராஜேன் ஸ்மித், பொதுவான அறவுரைகளைச் சொல்லி வெள்ளையர் பலர் அவ்வரலாற்றிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டதைக் கண்டறிந்தார். எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று தெரிந்தால்தான் விளக்கப் பலகையை எங்கே மாற்றி எழுதுவது என்பதும் தெரியும்.

மூன்றாவதாக, பொழுதுபோக்க வருபவர் கனமானதை ஏற்கார் என்பது அவரைக் குறைத்து மதிப்பதாகும். ஜோகன்னஸ்பர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட நிறவெறி அருங்காட்சியகம், நுழைவுச்சீட்டு மூலமே வருவோரை வெள்ளையர், வெள்ளையர் அல்லாதார் என இரு வாயில்களில் பிரித்து அனுப்புகிறது. அந்த உறுத்தலை ஏற்றுக்கொண்டே மக்கள் உள்ளே செல்கிறார்கள்.

அறிஞர் முடிவு செய்தால் போதும் என்னும் நான்காவது காரணமே மிகவும் தவறானது. பழங்காலத்தில் முதுமக்கள் தாழியில் இட்டுப் புதைக்கப்பட்டவர்களையும் பண்டாரசாமிகளிடம் திருமுழுக்குப் பெற்றவர்களையும் தம் முன்னோராகக் கருதும் உரிமையுள்ள மக்கள் இம்மாவட்டத்திலேயே வாழ்கிறார்கள். அவர்களே நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வருகிறார்கள். அறிஞருக்கு ஆவணம் தெரியும். அந்த ஆவணம் யாரை இன்றும் காயப்படுத்துகிறது, யாருக்கு நிமிர்வைத் தருகிறது என்பது அம்மக்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேளாமல் அமைக்கப்படும் காட்சி, எத்தனை நுட்பமாக இருந்தாலும், அவர்களுடைய வரலாற்றை மீண்டும் ஒருமுறை பிறர் கையில் ஒப்படைப்பதாகவே முடியும்.