கத்தரிக்கோலும் கடித உறையும்

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் மட்டாஞ்சேரியில் உப்பும் வெல்லமும் மட்டுமா கசிகின்றன? தபால்தலை சேகரிப்போர் வீட்டு ஆல்பங்களும் கசியத் தொடங்கிவிடுகின்றன. மாதத்திற்கு ஒரு ஞாயிறன்று நம் சங்கத்தின் மாடியறையில் கூடும் தபால்தலை அன்பர்கள், இம்முறை கையோடு கொண்டுவந்தவை புதிய தலைகள் அல்ல, புதிய துயரங்கள். அவற்றுள் சிலவற்றை நேயர்களுக்குச் சொல்லுவோம். இறுதியில் சொல்லப்போகிற ஒன்றில் குற்றவாளி நாமே ஆகையால், பிறர் பட்ட பாட்டை முதலில் சொல்லிக்கொள்வது நமக்குச் சற்றே தைரியமளிக்கும்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வெளியான காந்தியடிகள் தபால்தலைகளை வைத்திருந்தார். சுவிட்சர்லாந்தில் அச்சாகி வந்த நான்கு தலைகள் அவை. அவரிடம் இருந்தவை ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா ஆகிய மூன்று. பத்து ரூபாய்த் தலை அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இருந்திருந்தால் அன்று அவரைத் தேற்ற நம்மால் ஆகியிராது. மூன்றும் உபயோகிக்கப்படாதவை, பின்புறத்துப் பசை அப்படியே இருந்தது. மேற்குச் சுவரை ஒட்டியிருந்த அலமாரியில் ஆல்பத்தை வைத்தார். சுவர் ஓதம் காத்தது. பசை இளகிற்று. மூன்று தலைகளும் பக்கத்தோடு பக்கமாய் ஒட்டிக்கொண்டன.

இதற்கு ஒரு முறை உண்டு. மூடியுள்ள பெட்டியின் அடியில் நனைத்த பஞ்சை வைத்து, அதன்மேல் ஒரு கம்பிவலையில் ஒட்டிய தாளை வைத்து மூடிவிட்டால், ஈரக்காற்றுப் பட்டுப் பசை மெல்ல மெல்ல விடும். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். நம் அன்பருக்கு அந்தப் பொறுமை இல்லை. இட்டிலிக் கொப்பரையைத் திறந்து ஆவியில் காட்டினார். தலைகள் பிரிந்தன; பசையும் போயிற்று; ஓரங்கள் அப்பளம்போல் சுருண்டன. "காந்தி மகானை இட்டிலி ஆக்கினவர் உலகத்திலேயே நம் வீட்டுக்காரர் ஒருவர்தான்" என்று அவர் மனைவியார் கூறினாராம். அதை அவரே நம்மிடம் வந்து சொன்னதுதான் அவருடைய பெருந்தன்மை.

மற்றோர் அன்பருடைய சங்கடம் குடையைப் பற்றியது. பழைய கொச்சி இராஜ்யத்தின் தபால்தலைகளைச் சேர்ப்போர் யாவரும் அறிவர்: அவற்றின் தாளிலேயே குடை ஒன்று மறைவாகப் பதிந்திருக்கும். தாள் செய்யும்போதே விழச் செய்த குறி அது, நீர்க்குறி என்பர். குடை பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு ஒரே படமுள்ள தலைகளும் வெவ்வேறு வெளியீடுகளாகப் பிரிகின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தெரியாவிட்டால், கறுப்புக் கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்து வைத்து, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தில் இரண்டு சொட்டு விடுவார்கள். குடை கறுத்துத் தெரியும். திரவம் சிறிது நேரத்தில் சுவடின்றிப் பறந்துவிடும். (பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இருக்கலாகாது.) நம் அன்பருக்கு லைட்டர் திரவம் கிடைக்கவில்லை; மண்ணெண்ணெய் இருந்தது. எல்லாம் எண்ணெய்தானே என்று விட்டார். குடையும் தெரிந்தது. ஆனால் எண்ணெய் பறக்கவில்லை. இன்றும் அந்தத் தலை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. குடையைப் பார்க்க இனிக் கிண்ணமே வேண்டியதில்லை. அவர் ஆல்பத்தைத் திறந்தால் ரேஷன் கடைக்குள் நுழைந்ததுபோல் வாசனை வருகிறது.

இராமபாணப் பூச்சி அரித்த கதைகள் மூன்று வந்தன. எல்லோர் வீட்டிலும் நடப்பதாகையால் அவற்றை விட்டுவிடுவோம். அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய உறையின் தலையைத் தண்ணீரில் இரவு முழுதும் ஊற வைத்தும் கழலவில்லை என்று ஓர் அம்மையார் வருந்தினார். அந்நாட்டில் இப்போது வெளியாகும் ஒட்டுத்தலைகளின் பசை தண்ணீருக்கு இளகுவதில்லை, அம்மா. தாளோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். பரதேசி யூதர்களின் தேவாலயம் எழுந்து நானூறு ஆண்டுகள் நிறைந்ததற்காக 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று வெளியான இருபது பைசாத் தலை, நம் கூட்டத்தில் அநேகமாய் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தத் தேவாலயத்திற்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் அன்பரிடம் மட்டும் இல்லை. "தினமும் நேரில் பார்க்கிறேனே, போதாதா?" என்கிறார். போதாது என்பதுதான் இந்தப் பைத்தியத்தின் இலக்கணம்.

இனி நம்முடைய குற்றத்திற்கு வருவோம்.

சென்ற ஆண்டு இதே பகுதியில், சிறுவர்களுக்கு உற்சாகமூட்டும் பொருட்டு, உறையிலிருந்து தபால்தலையைக் கழற்றும் விதத்தை விளக்கி எழுதியிருந்தோம். தலையைச் சுற்றி அரை அங்குலம் தாள் விட்டுக் கத்தரிக்கவும். குளிர்ந்த நீரில் முகம் மேலிருக்க மிதக்க விடவும். தானே பிரிந்ததும் சாமணத்தால் எடுத்து, மை ஒற்றும் தாளில் கவிழ்த்து உலர்த்தவும் என்று அழகாக எழுதியிருந்தோம். எழுதியதில் பிழையொன்றுமில்லை. எழுதாமல் விட்டதில்தான் பிழை.

நம் கூட்டத்திற்கு வரும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதைப் படித்தான். அவன் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. அவன் ஆச்சியின் தகப்பனார், அதாவது பையனுக்குப் பூட்டனார், இவ்வூர்க் கடைத்தெருவில் மலைச்சரக்கு மண்டி ஒன்றில் கணக்கெழுதியவர். அவருடைய தகரப்பெட்டி பரண்மேல் கிடந்தது. அதற்குள் கட்டுக்கட்டாய்க் கடிதங்கள். பையன் விடுமுறையில் ஏறி இறக்கினான். நாம் எழுதிய முறைப்படி, ஒன்று பிசகாமல், நாற்பத்துமூன்று தலைகளைக் கழற்றினான். சென்ற கூட்டத்தில் ஒரு தட்டில் பரப்பி நம் முன் வைத்து, "நீங்கள் எழுதியிருந்தபடியே செய்தேன், மாமா" என்றான். ஒரு தலையிலாவது ஒரு பல் முறிந்திருக்கவில்லை. கைதேர்ந்தவர்களுக்கும் அப்படி வராது.

"உறைகள் எங்கே, தம்பி?" என்று கேட்டோம்.

"ஓட்டை விழுந்த காகிதந்தானே என்று வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்கள்" என்றான்.

அந்தத் தட்டில் இருந்தவை என்ன என்பதை நேயர்கள் அறிய, பழைய கதை சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. கொச்சி இராஜ்யத்திற்கு அக்காலத்தில் சொந்தத் தபால் இருந்தது. அதன் பெயரே அஞ்சல். (இன்று தமிழில் நாம் தபாலுக்கு வழங்கும் சொல் இங்கே ஓர் அரசாங்க இலாகாவின் பெயராய் வாழ்ந்தது.) 1892-ஆம் ஆண்டில் அதன் முதல் தபால்தலைகள் வெளிவந்தன: அரைப் புத்தன், ஒரு புத்தன், இரண்டு புத்தன். ஒரு புத்தன் என்பது பத்துப் பை. பழைய கணக்கில் பன்னிரண்டு பை ஓரணா என்பதை ஞாபகத்தில் கொள்க. மகாராஜாவின் உருவம் பொறித்த தலைகள் 1911 முதல் வந்தன. அவற்றை லண்டனில் செதுக்கி அச்சிட்டது பெர்க்கின்ஸ் பேக்கன் கம்பெனி. உலகத்தின் முதல் தபால்தலையான 1840-ஆம் ஆண்டுக் கறுப்புப் பென்னியை அச்சிட்டவர்களும் அவர்களே. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1951 ஏப்ரல் முதல் தேதியோடு அஞ்சல் இந்தியத் தபாலில் கலந்து மறைந்தது.

இந்த அஞ்சலின் தலை சமஸ்தான எல்லைக்குள் எழுதும் கடிதத்திற்கு. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ எழுதினால் சக்கரவர்த்தி தலை போட்ட பிரிட்டிஷ் இந்தியத் தபால்தான். நம் ஊரின் விசித்திரத்தையும் பாருங்கள்: மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் மண், நடந்து போகிற தூரத்திலுள்ள கோட்டைக் கொச்சியோ சென்னை மாகாணத்து மலையாள ஜில்லாவைச் சேர்ந்த பிரிட்டிஷ் மண். இரண்டும் எறணாகுளத்தோடு ஒரே மாநகராட்சிக்குள் வந்தது 1967-இல்தான். ஆகவே இவ்வூர்த் தமிழன் வீட்டுப் பெட்டியில் இருவகைத் தலைகளும் கலந்திருக்கும். சக்கரவர்த்தி தலை வந்தால் பிறந்த ஊரிலிருந்து. மகாராஜா தலை வந்தால் சித்தூரிலோ திருச்சூரிலோ பிழைக்கப்போன அண்ணன் தம்பியிடமிருந்து. உறை ஒன்றைக் கையிலெடுத்தால், யார், யாருக்கு, எந்தத் தெருவுக்கு, எந்த நாளில் எழுதினார் என்பது அத்தனையும் அதன் முகத்திலேயே இருக்கும். தலையைக் கழற்றி எடுத்தால் மிஞ்சுவது ஒரு மகாராஜா மட்டும்.

பையனோடு அமர்ந்து நாற்பத்துமூன்றையும் வகைப்படுத்தினோம். ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் அதிகம். அவை கட்டுக்கட்டாய்க் கிடைப்பவை. பழையதெல்லாம் விலையுயர்ந்தது என்று எண்ணுவோர்க்கு இதைச் சொல்லிவைக்கிறோம். கொச்சித் தலைகள் பதினொன்று. அவற்றுள் இரண்டு, 1911-இல் வந்த அந்த முதல் உருவத் தலைகள். 1914-இல் பட்டம் துறந்த மகாராஜா இராமவர்மாவின் முகம். இரண்டிலும் முத்திரை விழுந்திருந்தது. ஆனால் வட்டத்தின் ஒரு மூலைதான் தலையின்மேல் பட்டிருந்தது. நாளும் ஆண்டும் இருந்த பகுதி உறையின்மேல் விழுந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு தலைகளும் ஏன் நம்மை உறங்க விடவில்லை என்றால், ஆச்சி சொன்ன செய்தியால். தம் தகப்பனார் இவ்வூருக்கு வந்தது, மலையாள ஆண்டு 1099-இல் பெரும் வெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் என்று ஆச்சி உறுதியாகச் சொல்லுகிறார்கள். அது 1924-ஆம் ஆண்டு வெள்ளம். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதாம். 1916-க்குப் பிறகு அடுத்த மகாராஜாவின் முகம் தபால்தலையில் வரத் தொடங்கிவிட்டது. பழைய தலை ஒன்றிரண்டு பின்னாளிலும் செலவாகியிருக்கலாம். ஆனால் வெள்ளத்திற்குப் பிறகும் இரண்டு கடிதங்களில் அது வந்திருக்கும் என்பதை நம்புவது கடினம். எனவே பூட்டனார் வருவதற்கு முன்பே, அவர் சிறுபிள்ளையாய் இருந்த காலத்திலேயே, அக்குடும்பத்தார் யாரோ இந்தச் சமஸ்தானத்தில் இருந்து கடிதம் பெற்றிருக்கிறார்கள்.

"யாராயிருக்கும், ஆச்சி?" என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார்கள். "அப்பாவுக்கு ஒரு பெரியப்பா உண்டு என்பார்கள். கோபித்துக்கொண்டு மலையாளம் போனவர் திரும்பவேயில்லை என்று பேச்சு. பெயர் எனக்குத் தெரியாது, ஐயா" என்றார்கள்.

அந்தப் பெயர் உறையில் இருந்திருக்கும்.

கடிதங்களாவது மிஞ்சினவா என்று விசாரித்தோம். சில மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அக்காலத்தார் கடிதத்தில் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "தேவரீர் சமூகத்துக்கு" என்று தொடங்கி "மற்றவை நேரில்" என்று முடித்துவிடுவார்கள். பெயரை எழுத வேண்டிய கட்டாயம் தபால்காரனுக்காக, உறையின்மேல் மட்டுமே. ஆச்சி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளை ஆசையாய்ச் செய்தான், நீங்கள் அவனை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்" என்றுதான் சொன்னார்கள். அவனை நாம் என்ன சொல்ல இருக்கிறது? அவன் செய்தது நாம் அச்சில் போட்டது.

ஆகவே சென்ற ஆண்டு எழுதியதை இவ்வாறு திருத்திக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறோம். 1951-க்கு முந்திய உறை எதையும், அது எத்தனை அழுக்கானாலும், கத்தரிக்க வேண்டாம். அதற்குப் பிந்தியதிலும் கையால் எழுதிய முகவரி இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள். 1950-இல் வந்த இன்லாண்டுக் கடிதத்தில் தலை தாளிலேயே அச்சாகியிருக்கும்; அதை வெட்டினால் பின்புறத்துக் கடிதமும் சேர்ந்து போய்விடும். உறைகளைப் பிளாஸ்டிக் பையில் அடைத்துவைக்காதீர்கள், இவ்வூர் மழைக்கு உள்ளேயே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கு ஒரு சாண் தள்ளி, தகரப்பெட்டியில் வேட்டித் துணி சுற்றி வையுங்கள். செல்லோடேப்பு கண்டிப்பாய்க் கூடாது. விலைக்குத்தான் வேண்டுமென்போர்க்கும் ஒரு வார்த்தை: யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறைக்குத்தான் விலை அதிகம் கேட்கிறார்கள்.

பையன் அந்த இரண்டு இராமவர்மாத் தலைகளையும் ஆல்பத்தில் ஒட்டவில்லை. ஒரு வெள்ளை உறையில் இட்டு, மேலே "பெரிய பெரியப்பா, மட்டாஞ்சேரி" என்று எழுதி, பூட்டனார் பெட்டியிலேயே வைத்திருக்கிறான். பெட்டியின் அடியில் இன்னும் பிரிக்காத ஒரு கட்டு இருக்கிறதாம். சணல் கயிற்றால் கட்டியது, ஓரங்களில் கரையான் மண். அடுத்த கூட்டத்திற்கு ஆச்சியே அதை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓதக்காற்று இல்லாத பகல் பதினொரு மணிக்குக் கட்டை அவிழ்ப்பதாக ஏற்பாடு. வருகிறவர்கள் சாமணமும் பூதக்கண்ணாடியும் கொண்டுவரலாம். கத்தரிக்கோல்களை வாசலிலேயே வாங்கி வைக்கும் பொறுப்பைப் பையன் தானே கேட்டுப் பெற்றுக்கொண்டிருக்கிறான்.