பென்டிரைவ் யார் கையில?

வருசக் கடைசி ஆனால் போதும், பத்து சிறந்த பாட்டு, இருபது சிறந்த பாட்டு என்று ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் போடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் கேட்ட இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறுகிற ஏலத்தோட்ட ஜீப்பு, பின் சீட்டு. எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் பதினஞ்சு பேர். மடியில் தூக்குவாளி, காலடியில் அடுத்தவங்க செருப்பு. பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மொத்த சனமும் ஒரு பக்கமாகச் சாயும், பாட்டும் சேர்ந்து சாயும்.

வருசம் 2021. கொரோனாவில் காலேஜை மூடிவிட்டார்கள். மதுரையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தவன் ஊருக்கு வந்து அம்மாவோடும் அத்தையோடும் காய் எடுக்கப் போனேன். அதற்கப்புறம் எத்தனையோ வருசப் பாட்டு கேட்டாச்சு. ஆனாலும் 'உனக்குப் பிடிச்ச பாட்டு எந்த வருசம்?' என்று கேட்டால் அந்த வருசத்தைத்தான் சொல்வேன்.

தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். சினிமாப் பாட்டு என்றாலே முகம் சுளிப்பார்கள். 'வணிக சினிமா நம்ம வலியை விற்றுக் காசாக்குது, நீ அதுக்கு விசில் அடிக்கிறே' என்று கூட்டத்தில் ஒரு அண்ணன் என்னைக் கேட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அவர் காலையில் ஆறு மணிக்கு எங்க ஜீப்பில் ஏறியதில்லை. அந்த வண்டியில் பாட்டு சும்மா பொழுதுபோக்கு இல்லை. அங்கே அது அதிகாரம். பென்டிரைவ் யார் கையில் இருக்கிறதோ அவன் வைத்த பாட்டைத்தான் பதினஞ்சு பேரும் கேட்க வேண்டும். அது எப்பவும் டிரைவர் கையில்தான் இருந்தது.

டிரைவர் சின்னப் பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். அவன் போடுகிற பாட்டில் பாதிக்கு மேல் 'ஆண்ட பரம்பரை' ரகம். அரிவாள், மீசை, ரத்தம், எங்கப்பன் பாட்டன் இந்த மண்ணை ஆண்டான்... ஆண்டவன் பேரன் எதுக்கப்பா ஜீப்பு ஓட்டுறான் என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை. அவனும் கூலிதான், அவனுக்கும் வண்டி சொந்தம் இல்லை. ஆனால் எங்க அத்தையை, தன் அம்மா வயசுப் பொம்பளையை, 'ஏ, தள்ளி உக்காரு' என்பான். அத்தை 'சரிப்பா தம்பி' என்பாள். எங்க அம்மாச்சி காலத்தில் இந்த வயசுப் பையனைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிட்டிருப்பாள். சாமியிலிருந்து தம்பிக்கு வந்து சேர எங்களுக்கு மூணு தலைமுறை ஆகியிருக்கிறது. அதையும் கணக்கில் வச்சுக்கணும்.

'தேவர் மகன்' 1992இல் வந்தது. போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சாதிக் கலவரம் நடந்தது 1989இல். மூணே வருசம். அந்தப் படத்துப் பாட்டு ஒன்றை எங்க தெரு முக்கில் ஸ்பீக்கர் கட்டிப் போட்டால் அதற்கு அர்த்தம் என்ன என்று எங்க ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டின் பெயரை நான் எழுத வேண்டியதில்லை. 2023இல் 'மாமன்னன்' பாட்டு வெளியீட்டில், கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே, அந்தப் படம் தன்னைப் பாதித்ததை மாரி செல்வராஜ் பேசினார். அதுவரைக்கும் முப்பது வருசம் எங்க காதுக்குள் இருந்த சங்கதி அது. இதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு இசை போட்டவர் எங்க பண்ணைப்புரத்துக்காரர்.

இளையராஜாவைப் பற்றி எழுதினால் நம்ம இதழ்களில் ஒன்று கும்பிடுவார்கள், இல்லையென்றால் கல்லெறிவார்கள். நான் இரண்டும் செய்யப் போவதில்லை. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், இந்த மலைக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளிகள் நடுவில், கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாடினவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன். தம்பியும் கூடப் போய்ப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். அந்தக் குரலில் வளர்ந்தவர்தான் 2022இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட புத்தகத்துக்கு முன்னுரை எழுதினார். 2018இல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு இசை போட்டதும் அவரே. ஏலமூட்டை சுமக்கிற எங்க சனத்தை முகம் தெரியக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து அது ஒண்ணுதான். மற்ற சினிமாவில் ஏலக்காய் என்றால் வெறும் வாசனை. தூர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, சரத்தில் பழுத்த காயை மட்டும் விரலால் தேடி எடுக்கிற பொம்பளையின் முதுகு அதில் தெரியாது. மருந்தடிச்ச மறுநாள் அந்தத் தோட்டத்துக்குள் அடிக்கிற வாசனையும் தெரியாது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. ஊரே அதைப் பேசியது. எங்க கூலி அந்த வாரமும் பழைய கூலிதான்.

விசயத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி, கடைசி எடுப்பு ஓடிக்கொண்டிருந்த நேரம். 'கர்ணன்' படத்தின் முதல் பாட்டு வந்தது, 'கண்டா வரச்சொல்லுங்க'. மாரி செல்வராஜ் எழுத்து, சந்தோஷ் நாராயணன் இசை, பாடினது கிடாக்குழி மாரியம்மாளும் சந்தோஷும். முதலில் நான் செல்போனில் கேட்டேன். மாரியம்மாள் வாய் திறந்ததும் எனக்குத் தெரிந்த குரல் என்று தோன்றியது. அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல் தெரியும். தோட்டத்தில் மேல் சரிவில் நிற்கிறவள் கீழ்ச் சரிவில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரல் அது. மஞ்சு இறங்கி ஆள் தெரியாதபோது, 'இருக்கியா?' என்று கேட்கிற குரல். பின்னணிப் பாட்டு என்று சொல்லி இத்தனை வருசமாக நமக்குப் பழக்கின, சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்த பெண் குரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது தொண்டையிலிருந்து வரவில்லை, அடிவயித்திலிருந்து வருகிறது.

அத்தை ஜீப்பில் கேட்டாள்: 'ஏ தம்பி, அந்தக் கர்ணன் பாட்டைப் போடுப்பா.'

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அதெல்லாம் இந்த வண்டியில ஓடாது.'

வண்டிக்குள் சத்தம் நின்றுபோனது. எனக்குக் கோபம். படிச்சவன் இல்லையா, எழுந்து நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அம்மா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். ஜீப்பை விட்டால் வேலைக்குப் போக வேறு வழி இல்லை. பஸ் எங்க தோட்டத்துக்குப் போகாது. இந்தப் பாட்டு வருகிற படமே பஸ் நிற்காத ஒரு ஊரைப் பற்றியது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. படம் ஏப்ரல் 9ஆம் தேதிதான் வந்தது. மறுநாளிலிருந்து தியேட்டரில் பாதி சீட்டுதான் என்று அரசாங்கம் உத்தரவு. பஸ்ஸுக்காகக் காத்திருக்கிற சனத்தைத் திரையில் பார்த்தபோது, அந்த ஜீப்பில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. கோழைத்தனத்தால் மூடினோமா, வயித்துப்பாட்டுக்காக மூடினோமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் வாயை மூடினது நானும் அம்மாவும்தான். அத்தை மூடவில்லை. ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ, மெதுவாகத் தானே பாட ஆரம்பித்தாள். வார்த்தை பாதி தெரியாது, தெரியாத இடத்தில் எங்க ஊர் ஒப்பாரியிலிருந்து வார்த்தையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த சின்னம்மா சேர்ந்தாள். அப்புறம் இன்னும் நாலு பேர். டிரைவர் தன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். இவர்களும் கூட்டினார்கள். மெட்டில் செக்போஸ்ட் வந்ததும் எல்லாரும் நிறுத்திவிட்டு மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார்கள். இதில் புரட்சி ஒன்றும் இல்லை. மறுநாளும் அவன் பென்டிரைவ்தான் ஓடியது. ஆனாலும் என் பட்டியலில் அந்த வருசத்து முதல் பாட்டு இதுதான், அதுவும் அத்தை பாடின வடிவம்.

இரண்டாவது பாட்டுக்கு யாராவது சண்டைக்கு வருவீர்கள். 'எஞ்சாயி எஞ்சாமி' சினிமாப் பாட்டே இல்லையே! இல்லைதான். 2021 மார்ச்சில் தனிப் பாட்டாக வந்தது. அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடினது. எங்க ஜீப்பில் சினிமாப் பாட்டு, தனிப் பாட்டு என்று தரம் பிரிக்கிற ஆள் யாரும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் ஒரு துண்டு நிலம் இல்லாமல் திரும்பிவந்த தலைமுறையின் கதை அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அந்தக் கதையில் இருக்கிறார். 1964 ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட சனம். அந்தப் பாட்டு வருவதற்கு ஏழு மாசம் முன்னால், 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்கு அங்கிட்டு பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளோடு 70 பேரை மூடியது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள். மண்ணைத் தோண்டித் தோண்டி நாலு பேர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2015இல் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து 'பெண்பிள்ளை ஒருமை' என்று பேர் வைத்து, சங்கத் தலைவர்களையே எட்ட நிற்கச் சொன்ன பொம்பளைகளின் வம்சம் அது. மண்ணும் காடும் பாட்டன் பூட்டன் விட்டுப்போன சொத்து என்று அந்தப் பாட்டு கொண்டாடும்போது வெளியூர்க்காரன் ஆடுவான். எங்க அம்மா ஆடவில்லை. 'யாருக்கு விட்டுட்டுப் போனாங்களாம்?' என்று கேட்டாள்.

அந்தப் பாட்டுக்கு அப்புறம் நடந்தது பாட்டைவிடப் பெரிய பாடம். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், எழுதின அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலரும் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. தீயோடு நின்று பாடினவர் யார் தெரியுமா? கிடாக்குழி மாரியம்மாள். எனக்குப் பிடித்த இரண்டு பாட்டும் ஒரே மேடையில் இப்படியா சந்திக்க வேண்டும்! மாரியம்மாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட்ட மேடையில் பாடினார், நன்றாகவே பாடியிருப்பார். ஆனால் யார் எழுதினது, யார் வாய், யார் பாட்டி என்பதெல்லாம் இல்லாமலேயே அந்தப் பாட்டு ஓடும் என்று அன்றைக்கு நாட்டுக்குக் காட்டிவிட்டார்கள். 2024இல், தங்கள் மூணு பேருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். ஏலக்காய்க்கும் பாட்டுக்கும் வித்தியாசம் இல்லை போல. விளைய வைத்தவன் பேர் மூட்டையில் இருப்பதில்லை.

'கர்ணன்' படத்தில் தேவா பாடினதும் எனக்கு உயிர். முதலில் 'பண்டாரத்தி புராணம்' என்று வந்தது. ஒரு சமூகத்தவர் தங்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லி வழக்குப் போட்டார்கள், 'மஞ்சனத்தி புராணம்' என்று மாற்றினார்கள். மாற்றினது சரி. எளிய சாதிக்காரன் 'என் பேர் வலிக்குது' என்றால் காது கொடுப்பதுதான் நம்ம அரசியல். ஆனால் ஆண்ட பரம்பரைப் பாட்டு வலிக்குது என்று நாம் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? அதை இந்த இதழைப் படிக்கிற சட்டக் கல்லூரித் தம்பிகள் யாராவது சொல்லட்டும்.

ஜூலையில் காய் எடுப்பு மறுபடி தொடங்கினபோது 'சார்பட்டா பரம்பரை' வந்தது. தியேட்டரில் இல்லை, அமேசானில். எங்க தெருவில் யாரிடமும் அது கிடையாது. ஒரு பையன் செல்போனில் எப்படியோ இறக்கி வைத்திருந்ததை ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். 'வம்புல தும்புல' பாட்டில் இசைவாணி குரல் வரும் இடம் எனக்கு முக்கியம். கானா ஆம்பளை வட்டம். சாவு வீட்டில் ராத்திரி பூராவும் ஆம்பளைகள் உட்கார்ந்து பாடினது. அதற்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டார். எங்க பக்கம் கானா இல்லை, ஒப்பாரிதான். அது பொம்பளைகளுடையது, அதற்குள் எந்த ஆம்பளையும் இன்னும் வந்து உட்காரவில்லை.

நவம்பரில் 'ஜெய் பீம்'. 'தல கோதும்' பாட்டை அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். பிரதீப் குமார் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. தலையைக் கோதி ஆறுதல் சொல்கிற பாட்டின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. இதை அம்மாவிடம் சொன்னேன். 'நாள் பூரா குனிஞ்சு காய் எடுத்துட்டு வா, அப்புறம் உனக்கும் ஒட்டும்' என்றாள். நானும் குனிந்து எடுத்தவன்தான். ஒரு சீசன். அவள் இருபத்தேழு வருசம். அதனால் அந்தப் பாட்டையும் பட்டியலில் வைத்திருக்கிறேன், அம்மா பேரில்.

2024இல் 'வாழை' வந்தபோது அத்தையைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். வாழைத்தார் ஏற்றின லாரி மேல் உட்கார்ந்து போகிற கூலிச் சனம் கவிழ்ந்து சாகிற கதை, மாரி செல்வராஜின் சின்ன வயசுக் கதை. லாரி கிளம்பும்போதே அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். இந்த மலை ரோட்டில் அவள் பார்த்த ஜீப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். இடைவேளைக் கடைப் பக்கம் நின்றிருந்தவளிடம் போனேன். 'பாட்டு நல்லா இருந்துச்சு. மிச்சத்தை நீ பாத்துட்டு வந்து சொல்லு' என்றாள்.

இப்போது வேறு ஜீப்பு, வேறு டிரைவர். புளூடூத்து வந்துவிட்டது, பென்டிரைவ் கிடையாது. முன் சீட்டில் உட்காருகிறவர் செல்போன்தான் பாடும். முன் சீட்டு கங்காணிக்கு. உங்க ஊர் வண்டியில் எந்தப் பாட்டு ஓடுகிறது, யார் போடுகிறார்கள் என்று எழுதுங்கள் தோழர்களே. செங்கல் சூளை வேனோ, மில் பஸ்ஸோ, கரும்பு வெட்டுக்குப் போகிற டிராக்டரோ, எதுவானாலும் சரி. அடுத்த இதழில் போடுவோம்.