பதலையை மெல்லத் தட்டச் சொன்னவர்

பதலை ஒரு பழைய தோல்கருவி. பாணர் கூட்டத்தின் தோளில் தொங்கிக் காடு மேடெல்லாம் அலைந்தது. அதன் ஒரு முகத்தை மட்டும், அதுவும் மெதுவாக, இயக்கச் சொல்கிறார் ஒருவர். முழவுக்கு மண் பூசச் சொல்கிறார். யாழில் பண்ணை நிறுத்தச் சொல்கிறார். யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி இசைக்கச் சொல்கிறார். பதலைக்காரரிடம் மட்டும் 'கொஞ்சம் மெல்ல' என்கிறார். இன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். இப்படிப் பாடி வைத்தவர் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாட்டு. கேட்டுக்கொண்டிருந்தவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி.

அந்தப் பாட்டின் கதை இன்னும் சுவையானது. காட்டு வழியே ஒரு கூட்டம் போகிறது. புரவலர் கிடையாது, அடுத்த வேளைச் சோறு எங்கே என்பதும் தெரியாது. எதிரே ஒரு வேட்டுவன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஆள் கூலிக்கு வேட்டையாடுகிறவன் மாதிரித் தெரியவில்லை. ஓரியாக இருப்பானோ? சந்தேகம் தீராமலே பாடத் தொடங்குகிறார்கள். 21 பாடல் துறைகளையும் பாடி முடித்து அவனைக் 'கோ' என்று விளித்ததும் அவன் கூச்சப்படுகிறான். அவர்கள் தங்கள் குறையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் மான்கறியும் கள்ளும் வருகின்றன, மலையில் பிறந்த பொன்னும் மணியும் வருகின்றன. ஊர் பேர் தெரியாத ஒரு குழு பாடியதை, பேரைச் சொல்லாத ஒருவன் காது கொடுத்துக் கேட்டு மதித்தான்.

கொல்லிமலைக்கும் இசைக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. 'கொல்லி' என்ற பெயரிலேயே ஒரு பண் இருக்கிறது. சூலை நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில்தான். இன்றைய ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள்.

இத்தனையும் எதற்கு என்றால், நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் இல்லாத இசைக்குழுக்களைப் பற்றிப் பேச இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இன்றைய பாணர்களை 'இண்டி' என்கிறார்கள். கிட்டாரும் ட்ரம்ஸும் வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதி, சொந்தக் காசில் பதிவு செய்து, சொந்தமாகவே வெளியிடும் கூட்டம். ஒரு மடிக்கணினி, ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல மைக் இருந்தால் படுக்கையறையிலேயே ஆல்பம் முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டு 'இது நன்றாக இருக்கிறது, இந்தக் காரணத்தால் நன்றாக இருக்கிறது' என்று எழுத ஆள் கிடைப்பதுதான் அரிது.

அமெரிக்காவில் ஒருமுறை அப்படி எழுதியபோது என்ன ஆனது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2005இல் 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யே' என்ற குழு தன் முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. எந்த லேபிளும் கிடையாது. பாடகர் அலெக் அவுன்ஸ்வொர்த்தின் குரல் மூக்கிலும் தொண்டையிலும் மாறி மாறி உடையும். கேட்டவுடன் பிடிக்கிற குரல் அல்ல. 'பிட்ச்ஃபோர்க்' இணைய இதழ் அந்த ஆல்பத்துக்குப் பத்துக்கு 9.0 மதிப்பெண் போட்டது. அவ்வளவுதான், குறுந்தகடு கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. குழுவினரே உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கச்சேரிக்கு டேவிட் போவியே வந்து நின்றார். 2007இல் இரண்டாவது ஆல்பம் வந்தது. முதல் பாட்டையே வேண்டுமென்று கரகரவென்று சிதைத்து வைத்திருந்தார்கள். முன்பு தூக்கி வைத்து ஆடிய பேனாக்களில் பல இப்போது முகம் சுளித்தன.

புள்ளிக்குப் பிறகும் எண் போட்டு மார்க் கொடுக்கும் பழக்கம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதில்லை. '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட 62.5 மார்க்கை இன்றும் ஒப்பிக்கிறவர்கள் உண்டு. அரை மார்க்குக்கு அவ்வளவு மரியாதை. கச்சேரி விமர்சனத்திலும் தமிழ் ஏழை அல்ல. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியதை வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். சுப்புடு எழுதினால் வித்வான்களுக்கு இரவில் தூக்கம் போனது. ஆனால் இந்தப் பெரும் செல்வம் முழுக்க சபாவுக்கும் சினிமாவுக்குமே செலவாகிவிட்டது. சினிமாப் பாட்டு இல்லாத, சபாவுக்குள் நுழையாத ஓர் ஆல்பத்துக்கு யாரும் அரை மார்க் போட்டுக்கூட பார்க்கவில்லை.

இன்டியன் ஓஷன் கதை இந்த இடத்தில் உதவும். டெல்லியில் 1990இல் தொடங்கிய குழு. முதல் ஆல்பம் 1993இல் ஹெச்.எம்.வி. மூலம் வந்தது. அடுத்த ஆல்பம் 'டெசர்ட் ரெயின்', 1997. அது மேடையில் வாசித்ததை அப்படியே பிடித்த பதிவு. வழக்கமான ராக் குழு மாதிரி அவர்கள் ஒலிக்கவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் 'ஃபியூஷன்' என்று ஒற்றைச் சொல்லில் கடையைச் சாத்திவிடுவார்கள். உண்மையான காரணம் தரையில் உட்கார்ந்திருந்தது. அசீம் சக்ரவர்த்தி தபலாவை வாசித்தபடியே பாடுவார். தாளத்தின் கணக்கும் குரலின் மூச்சும் ஒரே உடம்பிலிருந்து வரும்போது பாட்டு வேறு மாதிரி நடக்கும். குரல் தாளத்தின் மேல் ஏறாது, தாளத்தோடு சாய்ந்துகொண்டே போகும். அமித் கிலாமின் ட்ரம்ஸ் அந்தத் தபலாவுக்கு வழிவிட்டு நிற்கும். ராகுல் ராமின் பேஸ் கிட்டாரும் தபலாவின் இடக்கையும் ஒரே தாழ்ந்த சுருதிப் பகுதியில் முட்டிக்கொள்ள வேண்டியவை, முட்டவில்லை. யாரோ யாரிடமோ 'மெல்ல' என்று சொல்லியிருக்கிறார்கள்.

2000இல் டைம்ஸ் மியூசிக் மூலம் 'கந்தீஷா' வந்தது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் அரமேய மொழியில் பாடும் ஒரு துதியும், நர்மதையைப் பாடும் 'மா ரேவா'வும் அதில் சேர்ந்தே இருந்தன. ராகுல் ராம் நர்மதைப் போராட்டத்தில் இருந்தவர்; அந்தப் பாட்டை அவர் சுற்றுலாவில் பொறுக்கி வரவில்லை. 2009 டிசம்பரில் அசீம் இறந்தார். அவர் குரல் இருந்த கடைசிப் பதிவுகளை '16/330 கஜூர் ரோடு' என்று, தாங்கள் ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் முகவரியையே தலைப்பாக்கி, 2010இல் மாதம் ஒரு பாட்டாக இலவசமாக இணையத்தில் விட்டார்கள். பரிசில் கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் வாரிக்கொடுக்கும் இடத்துக்கு மாறினார்கள். ஓரி இருந்திருந்தால் கொஞ்சம் குழம்பியிருப்பான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2012இல் கபேர் வாசுகி 'அழகு புரட்சி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பிறகு இசையமைப்பாளர் டென்மாவோடு சேர்ந்து 'குரங்கன்' என்ற குழு. கபேர் பாட்டுகளில் முதலில் காதில் விழுவது தமிழின் பேச்சு நடை. மெட்டுக்காகச் சொல் நீட்டி முறிக்கப்படுவதில்லை. டீக்கடையில் ஒருவர் பேசும் வேகத்தில் வரி வந்து விழுகிறது, கிட்டார் அதைப் பிடித்துக்கொள்கிறது. சினிமாவில் மெட்டு முதலில், வரி பிறகு என்ற வழக்கத்தில் வளர்ந்த காதுக்கு இது சற்று உறுத்தும். அந்த உறுத்தல்தான் சரக்கு. ஆனால் அவர் பெயர் நாளிதழ்களில் பெரிதாக அடிபட்டது 2021இல், 'வாசனை' பாட்டின் மாதிரிப் பதிவு என்.எஃப்.டி.யாகப் பெருந்தொகைக்கு விற்றபோது. செய்திகளில் ஈதர் நாணயம் இருந்தது, ஏலம் இருந்தது, பிளாக்செயின் விளக்கம் இருந்தது. பாட்டு எப்படி இருக்கிறது என்ற வாக்கியத்தைத் தேட வேண்டியிருந்தது.

'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' விஷயத்திலும் கிட்டத்தட்ட அதே கதை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடை ஏறினார்கள். பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் எடுத்தாண்ட 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. உலகப் பத்திரிகைகள் வந்து எழுதின. அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பாராட்டுக்குக் குறைவே இல்லை.

ஆனால் அந்தக் கட்டுரைகளை வரிசையாக எடுத்துப் படித்தால் ஒன்று தட்டுப்படும். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள் என்று எழுதியவர்கள், எப்படிப் பாடினார்கள் என்று எழுதவில்லை. அரசியலைப் பாராட்டிவிட்டால் இசையைப் பாராட்டியதாக ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. உண்மையில் அவர்கள் செய்த வேலை கடினமானது. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி வாசிப்பார்கள். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் விழும்போது கிளம்பும் கூர்மை மைக்கைக் கதற வைக்கும். ட்ரம்ஸில் இருக்கும் ஸ்நேரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வெடிக்கும். அதோடு சட்டி, கட்ட மோளம், மின் கிட்டார். எல்லாமே முன்வரிசையில் நிற்க ஆசைப்படும் கருவிகள். இரண்டு நிமிடத்தில் கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் எந்தக் கருவி எந்த அடியில் வாய் மூட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். பறை கேள்வி கேட்டால் ட்ரம்ஸ் கொஞ்சம் பொறுத்துப் பதில் சொல்லும் இடங்கள் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன. சாவு வீட்டுக்கும் ஊர்வலத்துக்கும் என்று ஒதுக்கிவைத்த கருவியை ராக் குழுவின் நடுவில் நிறுத்துவது அரசியல்தான்; அது அங்கே நின்று நன்றாக ஒலிப்பது இசை. இரண்டாவது வேலை நடக்காவிட்டால் முதல் வேலை பலகையில் எழுதிய முழக்கத்தோடு நின்றிருக்கும். இதை எழுதுவதால் அவர்கள் அரசியலுக்கு ஒரு குறையும் வராது.

புகழுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 152க்கு அடுத்த பாட்டும் வன்பரணர் பாடியதுதான், அதுவும் ஓரியைத்தான். யானையும் வெள்ளி நாரில் தொடுத்த மணிக் குவளையும் வாங்கிக்கொண்ட கூட்டம், பசி தீர்ந்த களிப்பில் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்துவிட்டதாம். கொடையின் பெருமையைச் சொல்ல வந்த பாட்டு அது. லேபிள் கையெழுத்தான பிறகு மூன்று வருடம் புதுப்பாட்டே போடாத குழுவைப் பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரியும் கேட்கும். கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டும் ஓரிக்குத்தான். கேட்பதும் இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு என்று தொடங்கி, கிடைக்காவிட்டால் புலவர்கள் கொடுக்காதவனைப் பழிப்பதில்லை, புறப்பட்ட நேரத்தையும் புள் நிமித்தத்தையும்தான் நொந்துகொள்வார்கள் என்று முடிக்கிறார். இன்று அந்தப் பழி அல்காரிதத்தின் மேல் விழுகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் பதிவுக்கான உரிமைத்தொகை கிடையாது. 999 முறை கேட்கப்பட்டால் பூஜ்யம். காக்கை இடமிருந்து வலம் போயிருக்க வேண்டும்.

இந்த நிலையில் விமர்சனம் செய்யக்கூடிய காரியம் சின்னதுதான். அந்த ஆயிரத்தில் ஒரு நூறு பேரைக் கொண்டுவரலாம். அதைவிட முக்கியம், வாசித்தவருக்குத் தான் செய்தது யார் காதிலோ விழுந்தது என்று தெரியவைக்கலாம். 'அருமை', 'வேற லெவல்', 'புல்லரித்தது' என்ற சொற்களால் அது நடக்காது. மூன்றாவது பாட்டில் பேஸ் கிட்டார் நான்கு அடிக்கு ஒதுங்கி நின்றதைக் கவனித்தோம் என்று எழுதினால், அந்த பேஸ் கிட்டார்காரர் அந்தத் தாளைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வார்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. கீழேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஜனம் வருகிறது. மலர்க் கண்காட்சி உண்டு, வில்வித்தை உண்டு, மலைவாழ் மக்களின் ஆட்டமும் பாட்டும் உண்டு. மறுநாள் செய்தியில் யார் தொடங்கிவைத்தார், எந்தத் துறை அரங்கு அமைத்தது, எத்தனை பேருக்கு நலத்திட்ட உதவி என்பதெல்லாம் சரியாக வரும். மேளத்தைப் பற்றி 'பார்வையாளர்களைக் கவர்ந்தது' என்று இரண்டு சொல். மேடைக்குப் பின்னால் யாரோ ஒருவர் தோலைச் சூடுகாட்டித் தட்டிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லியிருப்பார். அடுத்த ஆடியில் நிருபர் யாராவது அங்கே போய் நின்று, என்ன சொன்னார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.