பாடலுக்குப் பின் காணொலி

வகுப்பறையில் இணையக் காணொலியைப் பயன்படுத்தலாமா என்னும் வினா பழையதாகிவிட்டது. பாடநூலின் பக்கத்திலேயே இன்று விரைவுக் குறியீடு அச்சாகி வருகிறது. அதை எப்பொழுது பயன்படுத்துவது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

காணொலியின் பயன் பெரிது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இலும் 2018இலும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் அது திரளாக மலர்ந்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை காத்திராமல், சமவெளியில் வாழும் மாணவரும் அம்மலரைக் காணக் காணொலி துணைசெய்கிறது. வண்ணச் சுண்ணக்கட்டியால் எத்தனை முறை வரைந்தாலும் கரும்பலகையில் அந்த நீலம் வருவதில்லை.

ஆயினும், ஓராண்டு நான் ஒரு பிழை செய்தேன். குறுந்தொகையின் மூன்றாம் பாடலை நடத்தும் முன்பே குறிஞ்சிமலர்க் காணொலியைத் திரையிட்டேன். வானிலிருந்து எடுத்த காட்சி; மலை முழுவதும் நீலம். மாணவர்கள் வியந்தனர். பின்னர்ப் பாடலைப் படித்தபோது ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. “அதுதான் பார்த்துவிட்டோமே, ஐயா” என்றனர்.

மறு ஆண்டு பாடலை முதலில் வைத்தேன். தேவகுலத்தார் அதில் பூவின் நிறத்தைச் சொல்லவில்லை. அதன் தண்டு கரியது என்கிறார். அப்பூவைக் கொண்டு தேன் பெருகும் மலைநாட்டைக் காட்டுகிறார். அதன்பின் அதே காணொலியை ஓடவிட்டேன். பாதியிலேயே ஒரு மாணவி எழுந்து, “நிறுத்துங்கள் ஐயா, தண்டு தெரியவில்லையே” என்றாள். அருகிலிருந்து எடுத்த வேறொரு காட்சியைத் தேடிக் கண்டோம். புலவர் அச்செடியை எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார் என்பது அப்போது வகுப்புக்கு விளங்கியது.

காட்சியை முதலில் கண்டால் கடினமான பாடமும் எளிதாகும் என்பர் சிலர். அறிவியல் செய்முறைக்கு அது பொருந்தலாம். கவிதையோ படிப்பவர் உள்ளத்தில் தனக்குரிய காட்சியைத் தானே எழுப்ப வேண்டியது. ஆயத்தமான காட்சி ஒன்று முந்திவந்து அமர்ந்துவிட்டால், ஒளிப்பதிவாளர் கண்ட மலையே வகுப்பில் உள்ள அனைவருக்கும் மலையாகிவிடும். அவரவர் மலை எழாமலே போகும்.

எனவே மாணவர்களே, குறியீட்டைத் திறக்கும் முன் பாடலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். காணொலியில் எதைத் தேடப்போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் கிடைக்காததையும் குறித்து வையுங்கள். 2030இல் மலையேறும் வாய்ப்பு அமைந்தால், அதை நேரில் தேடலாம்.