கேட்பதில் என்ன கூச்சம்?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகிச் சில வாரங்கள் சென்றபின், நம்முடைய ஊர்களில் ஏதேனும் ஒரு பிரவுசிங் சென்டரில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, இக்காலத்தில் ஒரு வாழ்க்கையின் திசை எவ்விதம் நிர்ணயமாகிறது என்பது விளங்கிவிடும். கணிப்பொறியின் முன் அமர்ந்து கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் இளைஞர், "அடுத்த காலேஜ் எது சார்?" என்று கேட்பார், தகப்பனார் தாய்மாமனைப் பார்ப்பார், தாய்மாமன், தமக்குத் தெரிந்த ஒருவருடைய மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துப் பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பதை நினைவுகூர்ந்து ஒரு பெயரைச் சொல்வார், கட்-ஆஃப் மார்க்கை வாங்கிய பிள்ளையோ, சர்டிபிகேட்டுகள் அடங்கிய ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, நடப்பது தன்னைப் பற்றிய பேச்சே அன்று என்பதுபோல, சுவரில் ஒட்டியுள்ள ஆதார் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருப்பான். எவரும் அவனைக் கேட்கவில்லை என்பது பாதிக் குறை. அவனும் எவரையும் கேட்கவில்லை என்பது மற்றப் பாதி. அந்த இரண்டாம் பாதியைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

தன் வாழ்க்கையைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற உபதேசத்துக்கு நம்மிடையே பஞ்சமில்லை. மேடைப் பிரசங்கிகள் மனவுறுதி என்கிறார்கள், லட்சியம் என்கிறார்கள், வைராக்கியம் என்கிறார்கள். இவையெல்லாம் உயர்ந்த குணங்களே, ஆயினும், மனத்துக்குள்ளேயே இருக்கும் வைராக்கியத்தால் ஒரு காரியமும் நடப்பதில்லை என்பதும், தான் செய்ததை எடுத்துக்கொண்டு, அதை மதிப்பிட வல்ல ஒருவரிடம் சென்று, "இது என் வேலை, எனக்கு இன்னது வேண்டும்" என்று வாய்திறந்து கேட்கும்போதுதான் அது காரியமாக உருக்கொள்கிறது என்பதும் என் அபிப்பிராயம். நம்மவர்க்கோ கேட்பதில் ஒரு கூச்சம். திறமை இருந்தால் தானே தேடிவந்து அழைப்பார்கள் என்று காத்திருப்பதைக் கௌரவம் என்று எண்ணும் சுபாவம்.

கணித மேதை ராமானுஜனுடைய சரித்திரத்தையே நாம் அவ்விதமாகத் திருத்தி வைத்திருக்கிறோம். கனவில் சூத்திரங்களை அருளிய நாமக்கல் நாமகிரித் தாயார் ஒருபுறம், கேம்பிரிட்ஜில் அமர்ந்தபடியே மேதையைக் கண்டெடுத்த கணித அறிஞர் ஹார்டி மறுபுறம்; நடுவில் நிற்பவர், இருவருடைய கடாக்ஷத்துக்கும் காத்து வாய்மூடி உட்கார்ந்திருந்தவர் போலத் தோற்றுகிறார். நடந்ததோ வேறு. கணிதம் நீங்கலான பாடங்களில் சிரத்தை இல்லாமையால் கும்பகோணம் கல்லூரியின் உபகாரச் சம்பளத்தை இழந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமல், பட்டமும் ஜீவனோபாயமும் இன்றி நின்ற அந்த வாலிபர், 1910-ஆம் ஆண்டு வாக்கில் தம் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவரும் அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவருமான ராமசாமி ஐயரைக் கண்டு, ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இப்படிப்பட்டவரை ரெவினியூ இலாகாவின் அடிப்படியில் உட்கார வைத்து அமுக்கிவிட மனம் வரவில்லை. சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து மற்றொரு கடிதத்தோடு, நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவிடம் போனார். முதலில் நம்பாத ராவ், பிறகு நம்பி, என்ன வேண்டும் என்று விசாரித்தபோது, ராமானுஜன் புகழையோ பதவியையோ சொல்லவில்லை; சாப்பாட்டுக் கவலையின்றிக் கணக்குப் போட அவகாசம் வேண்டும் என்றார். தமக்கு வேண்டியது யாதென்று இத்தனை துல்லியமாக அறிந்திருந்தவர் அப்பொழுது இருபத்துமூன்று வயதை எட்டியும் எட்டாதவர்.

ராவ் மாதந்தோறும் கொடுத்த பணத்தில் நெடுநாள் காலங்கழிக்கப் பிரியமில்லாமல், 1912-இல் சென்னைத் துறைமுகக் கணக்கு இலாகாவில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு அமர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலையை ஒப்புக்கொள்வது லட்சியத்தைக் கைவிடுவதாகும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காகிதம் வாங்கக் கட்டுபடியாகாமல், சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையாலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றும் வழக்கமுடைய அந்தக் குமாஸ்தாவின் கணக்குகள், மேலதிகாரிகளின் முயற்சியால் லண்டனில் ஹில் என்னும் பேராசிரியரிடம் போயின; அவர் பிழைகளைச் சுட்டி, படிக்க வேண்டிய நூலைக் குறித்து எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். கேம்பிரிட்ஜில் வேறு இருவரிடம் முயன்றும் பலன் இல்லை. அதன் பிறகே 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குச் சென்றது. வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதையும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லாதவர் என்பதையும் ஆரம்பத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டு, தேற்றங்கள் நிறைந்த பல பக்கங்களை உடன் வைத்திருந்தார். ஹார்டியின் பெருமையைக் குறைக்க நான் விரும்பவில்லை. வேறு சிலர் கண்டும் காணாததை அவர் கண்டார். ஆனால் அவர் கண்டது, மேசைமேல் வந்து விழுந்ததை.

கேட்டுப் பெற்ற வழி சுகமாகவே முடியும் என்று எவரும் ஜாமீன் நிற்க இயலாது. ஹார்டியின் அழைப்பை ஏற்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுமுன் ராமானுஜன் குடுமியைக் களைய நேர்ந்தது. அன்னிய நாட்டில் யுத்த காலத்தில் சைவ உணவுக்கே திண்டாடி நோயுற்று, 1919-இல் திரும்பி, மறு வருஷமே முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராமானுஜன் தட்டிய கதவுகளில் முதற்சில, படித்து உத்தியோகத்தில் இருந்த அவருடைய சமூகத்தாருடையவை. ஒருவர் கடிதத்தை மற்றொருவர் மதித்த உலகம் அது. அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, அதே நோட்டோடு அதே வாசலில் நின்றிருந்தால் சேவகனைத் தாண்டியிருப்பானா என்பது சந்தேகமே. ஆகையால், "நீயே முயன்று முன்னேறு" என்று எல்லாரையும் பார்த்து ஒரே குரலில் சொல்வதில் கொஞ்சம் இரக்கமின்மை கலந்திருக்கிறது. 2022-இல் அரசு தொடங்கிய "நான் முதல்வன்" போன்ற திட்டங்கள் வழிகாட்டுவதாகச் சொல்கின்றன; நல்லதே. எனினும், ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியும், தன்னிடம் படித்து நர்ஸாகவும் வக்கீலாகவும் மெக்கானிக்காகவும் இருப்பவர்களுள், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லச் சம்மதிப்பவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்குமானால், அது பல கருத்தரங்குகளுக்கு மேலான உபகாரமாகும்.

கேட்பதற்கு வேறொரு ரூபமும் உண்டு; அது நிபந்தனை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலக்ஷ்மி, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்கூட்டியே சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்றே மணந்தார். பிற்பாடு சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக அமர்ந்ததும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும், வீட்டு வாசலைத் தாண்டப் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு மனைவியால் ஆகியிருக்கக் கூடியவை அல்ல. இன்றோ, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போவதா என்பது தரகரும் இரு வீட்டுப் பெரியவர்களும் பேசித் தீர்க்கும் விஷயமாக இருக்கிறது. காபித் தம்ளரோடு கூடத்துக்கு வரும் பெண், எம்.பி.ஏ. படித்தவளாகவே இருந்தாலும், அதைப் பற்றி மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் ஒருத்தி கேட்டு, ஒருவர் ஒப்புக்கொண்ட கேள்விக்கு இன்னமும் நாம் முகம் சுளிப்பானேன்?