துருவுக்கு விலை போடும் மேதாவிகள்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். கவலை வேண்டாம்.

என்னோடு டூல் ரூமில் 22 வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன தை மாதம் காலமானார். அம்பத்தூரில் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்னக் கொட்டகை. அதில் ஷெஃபீல்டில் செய்த 6 அங்குல ரெக்கார்டு வைஸ் ஒன்று, வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட் ஒன்று, ஒரு மரப்பெட்டி நிறைய ரீமர், டேப், ஸ்பேனர், அரம். காரியமெல்லாம் முடிந்த பிற்பாடு மகனிடம் போனில் விசாரித்தேன்.

"எல்லாம் துரு பெரியப்பா. காயலான் கடைக்காரர் கிலோ 28 ரூபாய்னு மொத்தமா எடுத்துக்கிட்டார். 60 கிலோ இருந்துச்சு. கொட்டகை காலியாச்சே, அதுவே லாபம்."

1,680 ரூபாய். ஒரு மனிதனுடைய கை 40 வருஷம் புழங்கியதற்கு விலை. பையன் நல்ல பையன்தான், நன்றாகப் படித்தவன். செல்போன் வாங்க வேண்டுமென்றால் ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வான். அப்பாவின் வைஸுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று இதே வைஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தவர்கள்தான் நாம். பொட்டு காய்வதற்குள் தராசில் ஏற்றிவிடுகிறோம். இதற்கு என்ன பக்தி என்று பெயர்?

துருவைக் கண்டதும் "போச்சு" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துரு இரண்டு வகை. ஒன்று மேலோட்டமான செந்துரு. விரலால் தேய்த்தால் செங்கல் பொடி மாதிரி ஒட்டும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு எண்ணெய் போடாத இரும்பு ஒரே மழைக்காலத்தில் அப்படி ஆகிவிடும். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சின்ன சாமான்களைப் புளிக்கரைசலில் ஒரு இரவு ஊறப்போட்டு, கழுவி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவினால் போதும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கத் தெரிந்த வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை மட்டும் அமிலத்தில் ஊறப்போடாதீர்கள், பிற்பாடு ஒடியும்.

இரண்டாவது வகை குழி விழுந்த துரு. அம்மைத் தழும்பு மாதிரி இரும்பையே தின்றிருக்கும். அது போனது போனதுதான். ஆனால் அதிலும் எந்த இடத்தில் குழி என்று பார்க்க வேண்டும். வைஸின் வெளி உடம்பில் இருந்தால் என்ன நஷ்டம்? சர்ஃபேஸ் பிளேட்டின் முகத்திலோ ரீமரின் வெட்டும் விளிம்பிலோ இருந்தால்தான் நஷ்டம்.

பழைய காலத்து மெஷின் கம்பெனிகளில் வார்த்தெடுத்த இரும்பை உடனே கடைய மாட்டார்கள். உள்ளே இருக்கும் இறுக்கம் தளரட்டும் என்று மாதக்கணக்கில் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பார்கள். மேலே துரு ஏறும். ஏறட்டும் என்றுதான் விடுவார்கள். பிறக்கும்போதே துருவோடு பிறந்த சாமானை, துரு பிடித்ததென்று குப்பையில் போடுகிறோம்.

பழைய வைஸ் வாங்கப் போனால் என்ன பார்க்க வேண்டும்? கைப்பிடியைச் சுற்றி முன்பக்கத்தை முழுவதும் வெளியே உருவுங்கள். திருகின் மரையைப் பாருங்கள். மரை கத்தி மாதிரி மெலிந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் கழுவிவிட்டு, வெல்டிங் வைத்த தடம், மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தாடையை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தாடைத் தகடு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், திருகாணிதான். கடைசியாகச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மண்பானை வாங்கும்போது அம்மா தட்டிப் பார்ப்பாளே, அதே பரீட்சைதான். கணீரென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த சத்தம் வந்தால் எங்கேயோ விரிசல். இத்தனைக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகாது.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். "அந்தக் காலத்து இரும்பே இரும்பு" என்று எதையும் தூக்கி வந்து பரணில் அடைக்கிற என் வயசுக்காரர்கள். அவர்களும் மேதாவிகள்தான். பழசு என்பதாலேயே எதுவும் உசத்தி ஆகிவிடாது. துருப்பிடித்த மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன அளப்பீர்கள்? துரு தின்ற செயின் பிளாக்கின் கொக்கியில் யார் தலைக்கு மேல் பாரத்தைத் தொங்கவிடுவீர்கள்? பழைய கிரைண்டிங் சக்கரத்தை இரக்கப்பட்டு மாட்டினால் அது வெடித்து முகத்துக்கு வரும். இதையெல்லாம் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும்.

எனக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. 2001-ல் வி.ஆர்.எஸ். பணத்தில் பழைய லேத் ஒன்று வாங்கினேன். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, துருவின் வாசனைகூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தண்டைக் கடைந்தால் ஒரு முனை பருத்து ஒரு முனை சிறுத்து வருகிறது. சக் பக்கம் பெட் தேய்ந்து பள்ளமாகிவிட்டிருந்தது. சாடில் பூட்டை சக் அருகே லேசாகப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். அங்கே போய் இறுகி நின்றால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான், பெயின்ட் பளபளப்பில் கோட்டை விட்டேன். அன்றிலிருந்து புதுப் பெயின்ட் அடித்த பழைய மெஷினைக் கண்டால்தான் எனக்குப் பயம். துருப்பிடித்த மெஷின் தன் குறையை மறைக்காது.

"இதற்கெல்லாம் யாருக்கு சார் நேரம்? ஆன்லைனில் புதுசு வருகிறதே" என்பீர்கள். வருகிறது. எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. முடித்த தம்பி ஒருவன் அப்படித்தான் மலிவாக ஒன்று வரவழைத்தான். மூன்றாம் மாதம் ஒரு தண்டைப் பிடித்து இறுக்கும்போது தாடையோடு விண்டுவிட்டது. நல்ல தரத்தில் புதிதாக வாங்கப் பல ஆயிரம் வேண்டும். அவனிடம் இல்லை. என் நண்பரின் வைஸ் அவன் பேரன் காலம் வரைக்கும் உழைத்திருக்கும்.

போனை வைத்ததும் அந்தக் காயலான் கடையை விசாரித்துக்கொண்டு போனேன். வைஸ் இல்லை. வார்ப்பாலைக்கு அனுப்புவதற்காகச் சம்மட்டியால் உடைத்து மூட்டையில் போட்டிருந்தார்கள். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக மின்னியது. ஒரு பொட்டுத் துருகூட உள்ளே இறங்கவில்லை. சர்ஃபேஸ் பிளேட் முழுசாக இருந்தது. கிலோ 40 ரூபாய் கொடுத்து எடுத்துவந்தேன்.

கடைக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கு எடைதான் சார் தெரியும். தெரிஞ்ச நீங்க முன்னாடியே வந்திருக்கலாமே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது கை கழுவ அந்தக் கொட்டகைப் பக்கம்தான் போனேன். வைஸைப் பார்த்தேன், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தேன். துக்க வீட்டில் சாமானைப் பற்றிப் பேசினால் தப்பாக நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். பையனை மேதாவி என்று திட்டுகிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகையால் என் வயசு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பெட்டியைத் திறங்கள். எது உழைக்கும், எது குப்பை என்று பிரித்து, உழைக்கிறதற்கு எண்ணெய் போட்டு, பெயரும் விலையும் எழுதி ஒரு சீட்டுக் கட்டுங்கள். முடிந்தால் கை நன்றாக இருக்கும்போதே ஒரு ஐ.டி.ஐ. பையனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். நான் தொடங்கிவிட்டேன். தெருக்கோடித் தம்பி நேற்று வந்து என்னுடைய வைஸைப் பார்த்தான். தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனான்.